பெயர் தாங்கிய பெருவழிகள்

1926ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் பெருவழிகளுக்கு எண் சூட்டும் திட்டம் முடிவாயிற்று. அதுவரையில் அந்நாட்டின் நெடுந்தொலைச் சாலைகள் பெரும்பாலும் பெயரால் வழங்கிவந்தன. லிங்கன் நெடுஞ்சாலை, டிக்சி நெடுஞ்சாலை, பழைய ஸ்பானியப் பாதை என்று சொன்னால்தான் வழிப்போக்கனுக்குத் திசை விளங்கும். அப்பெயர்கள் பின்தள்ளப்பட்ட வரலாற்றையும், எண்ணுக்கு இணங்காது பெயரையே காத்துக்கொண்ட சில சாலைகளின் வரலாற்றையும் இங்கே காண்போம்.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மோட்டார் வண்டிகள் பெருகின. அவை ஓடச் சாலைதான் இல்லை. நகர எல்லையைத் தாண்டினால் மழைக்காலத்தில் சேறு, வேனிலில் புழுதி. வண்டி விளக்குகளுக்கு வாயு விற்றுப் பொருள் ஈட்டிய கார்ல் ஃபிஷர் என்பவர், கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் இணைக்கும் ஒரு சாலை வேண்டும் என்று 1912இல் முரசறைந்தார். ஒரு கோடி டாலர் திரட்டுவது அவர் எண்ணம். ஹென்றி ஃபோர்டு உதவ மறுத்துவிட்டார். சாலை போடுவது அரசாங்கத்தின் கடமை என்பது அவர் கொள்கை. ஆயினும் 1913இல் லிங்கன் நெடுஞ்சாலைச் சங்கம் தோன்றியது. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் தொடங்கி, சான் பிரான்சிஸ்கோவின் லிங்கன் பூங்காவில் முடியும் 3,389 மைல் நீள வழியை அது வகுத்தது.

உண்மையைச் சொன்னால், சங்கத்தார் முதலில் சாலை போடவில்லை, பெயர்தான் போட்டார்கள். முன்னமே கிடந்த வண்டித்தடங்களையும் கிராமப் பாதைகளையும் ஒன்றாகக் கோத்து, வழியோரக் கம்பங்களில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பட்டைகள் தீட்டி, நடுவில் ‘எல்’ என்னும் எழுத்தைப் பொறித்தனர். ஆனால் அந்தப் பெயர் வேலை செய்தது. இல்லினாய் மாநிலத்தில் மால்ட்டா என்னும் ஊருக்கு அருகே 1914இல் ஒரே ஒரு மைலுக்குக் கான்கிரீட் தளம் இட்டார்கள். அதற்கு ‘விதை மைல்’ என்று பெயர். சேற்றில் உழன்றுவந்த பயணி அந்த ஒரு மைலில் வழுக்கிக்கொண்டு ஓடி, மறுபடியும் சேற்றில் இறங்கும்போது, எஞ்சிய மைல்களுக்கும் அவ்வாறே தளம் வேண்டும் என்று தானே குரல் எழுப்புவான் அல்லவா? இது நல்ல சூழ்ச்சி என்றே சொல்லவேண்டும்.

1919இல் ஓர் இராணுவ வண்டித்தொடர் வாஷிங்டனிலிருந்து புறப்பட்டுப் பெரும்பாலும் இவ்வழியே சான் பிரான்சிஸ்கோ சென்றது. போய்ச்சேர 62 நாள் ஆயிற்று. அதில் சென்ற இளம் அதிகாரிகளுள் ஒருவர் ஐசன்ஹோவர். பின்னாளில் குடியரசுத் தலைவராக இருந்து, 1956இல் மாநிலங்களை இணைக்கும் மாபெரும் சாலைத் திட்டச் சட்டத்தில் கையொப்பமிட்டவரும் அவரே.

லிங்கன் சாலையின் புகழைக் கண்டு மற்றவர்களும் சங்கம் அமைத்தனர். பெயர் தாங்கிய வழிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. சில சங்கங்கள் நேர்மையாக உழைத்தன. வேறு சில, ஊர் வணிகர்களிடம் சந்தா வாங்கிக்கொண்டு, பணம் கொடுத்த ஊருக்குச் சாலையை வளைத்துவிட்டன. ஒரே சாலை பல பெயர்களைத் தாங்கிற்று. ஒரே கம்பத்தில் பல நிறப் பட்டைகள் ஏறின. புதிதாக வருபவன் எதை நம்பிச் செல்வான்?

இக்குழப்பத்தைத் தீர்க்க 1925இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அமைத்தவர் வேளாண்மைத் துறைச் செயலர். அந்நாளில் சாலை நிர்வாகம் வேளாண்மைத் துறையில் அடங்கியிருந்தது. கிழக்கு மேற்காகச் செல்வனவற்றுக்கு இரட்டைப்படை எண், வடக்கு தெற்காகச் செல்வனவற்றுக்கு ஒற்றைப்படை எண் என்பது குழுவின் விதி. கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக ஒற்றை எண்கள் ஏறும். வடக்கிலிருந்து தெற்கே வர வர இரட்டை எண்கள் ஏறும். மாணவர்கள் அமெரிக்க நிலப்படத்தை விரித்துவைத்துப் பார்த்தால் இதன் அழகு விளங்கும். எந்த ஊர் வணிகனும் பணம் கொடுத்து இவ்வொழுங்கை வளைக்க முடியாது.

எண்ணுக்காகவும் சண்டை மூண்டது என்பது வேடிக்கை. பெருஞ்சாலைக்குரிய 60 என்னும் எண் சிகாகோ–லாஸ் ஏஞ்சல்ஸ் வழிக்குப் போவதைக் கெண்டகி மாநில ஆளுநர் எதிர்த்தார். முடிவில் அவ்வழி 66 என்னும் எண்ணைப் பெற்றது. வெறும் எண்ணாகப் பிறந்த அதுவே பெயரினும் பெரும்பெயராக வளர்ந்தது. 1985இல் அரசாங்கப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பின்னும் மக்கள் அதை மறக்கவில்லை. லிங்கன் சாலையோ பல எண்களாகச் சிதறிற்று. பெரும்பகுதி 30 ஆயிற்று. 1928 செப்டம்பர் முதல் நாள், சாரணச் சிறுவர்கள் கடற்கரை முதல் கடற்கரை வரை வழிநெடுக லிங்கன் உருவம் பதித்த கான்கிரீட் கம்பங்களை நட்டனர். சில இன்றும் நிற்கின்றன.

எண்ணின் ஆட்சிக்கு அடங்காத ஓர் இனம் உண்டு. அதுவே ‘பார்க்வே’ எனப்படும் பூங்காச் சாலை. இச்சொல்லை 1868இல் புரூக்ளின் நகருக்காக வகுத்தவர்கள் ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்னும் பூங்காக் கலைஞர்கள். மோட்டார் காலத்தில் இக்கருத்துக்கு உயிர் கொடுத்தது நியூயார்க்கின் பிராங்க்ஸ் ஆறு. சாக்கடையாகிவிட்ட அவ்வாற்றைத் தூய்மைப்படுத்த 1907இல் ஓர் ஆணையம் பிறந்தது. கரைகளைப் பூங்காவாக்கி, அதனூடே சாலையையும் அமைத்து, 1925இல் பணியை முடித்தது. பூங்காச் சாலையில் சரக்கு வண்டிக்கு இடமில்லை, கடை இல்லை, விளம்பரப் பலகை இல்லை. நகரத்தானைப் பசுமைக்கு அழைத்துச் செல்வதே அதன் தொழில். தொலைதூர வணிகத்துக்காக ஏற்பட்ட எண், அத்தகைய சாலைக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் அழைக்கப்பட்ட நகரத்தான் யார்? லாங் தீவில் இராபர்ட் மோசஸ் அமைத்த சதர்ன் ஸ்டேட் பார்க்வேயின் முதற்பகுதி 1927இல் திறக்கப்பட்டது; ஜோன்ஸ் கடற்கரை 1929இல் திறக்கப்பட்டது. அப்பூங்காச் சாலையில் பேருந்து செல்லக்கூடாது. மேலே செல்லும் பாலங்களும் தாழ்வானவை. ஏழைகளையும் கறுப்பின மக்களையும் தடுக்கவே மோசஸ் அவற்றைத் தாழ்த்திக் கட்டினார் என்று இராபர்ட் கேரோ 1974இல் எழுதினார். பூங்காச் சாலைகளில் வணிக வண்டிகளை முன்னமே சட்டம் விலக்கியிருந்தது, பாலத்தின் உயரத்தைக் கொண்டு மட்டும் நோக்கத்தை அளக்கலாகாது என்று பிற ஆய்வாளர்கள் மறுத்தனர். வழக்கு இன்னும் ஓயவில்லை. சொந்த வண்டி இல்லாத தொழிலாளி அந்த அழகிய சாலை வழியே கடலுக்குச் செல்ல இயலவில்லை என்பதில் மட்டும் இருதரப்பாருக்கும் ஐயமில்லை.

கனெக்டிகட்டில் 1938 முதல் 1940 வரை பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட மெரிட் பார்க்வே, அதற்காகப் பாடுபட்ட சட்டமன்றப் பெரியவர் ஸ்கைலர் மெரிட்டின் பெயரைத் தாங்குவது. டங்கல்பெர்கர் அதற்கு வரைந்த பாலங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். 15 என்னும் எண் அதற்கு உண்டு. ஆனால் ‘மெரிட்’ என்றே மக்கள் வழங்குவர். ப்ளூ ரிட்ஜ் பார்க்வேயோ பொருளாதார மந்தத்தில் வாடியவர்களுக்கு வேலை தர 1935இல் தொடங்கப்பட்டு, 469 மைல் மலைமுகடுகளில் தவழ்ந்து, 1987இல்தான் முழுமையாக இணைந்தது.

பெயருக்கு இனிமை உண்டு, பகையும் உண்டு. லிங்கனுக்குச் சாலை எழுந்த அதே 1913இல், அவரை எதிர்த்துப் பிரிந்த தென்னாட்டின் தலைவர் ஜெபர்சன் டேவிசுக்கும் ஒரு சாலை வேண்டும் என்று தென்னாட்டு மாதர் சங்கம் ஒன்று முனைந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆகியும், அப்போர் சாலைப் பலகைகளில் தொடர்ந்தது எனலாம். அடிமை முறைக்காகப் போரிட்ட ஆட்சியின் தலைவர் பெயரை நாள்தோறும் படித்துக்கொண்டே செல்லவேண்டியிருந்த கறுப்பின மக்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் 2019இல்தான் அப்பெயர் நீங்கி ரிச்மண்ட் நெடுஞ்சாலை என்றாயிற்று. அச்சாலையின் 1 என்னும் எண்ணை எவரும் தொடவில்லை.

மேற்குக் கரையில் பெயர் மாற்றம் வேறு விதமாக நடந்தது. லாஸ் ஏஞ்சல்சையும் பாசடீனாவையும் இணைத்து 1940இல் திறக்கப்பட்ட சாலைக்கு, அங்குள்ள வறண்ட ஓடையை ஒட்டி, அரோயோ செக்கோ பார்க்வே என்று பெயர். 1954இல் அதைப் பாசடீனா ஃப்ரீவே ஆக்கினார்கள். 2010இல் பழைய பெயர் மீண்டும் பலகை ஏறியது. ஆனால் அவ்வூர் ஓட்டுநர்களுள் பலர் அதை இன்றும் 110 என்றே சொல்லுகிறார்கள்.