மூன்று பவுன் வரியும் நம்மவரும்

மகனையோ மருமகனையோ அயல்நாட்டில் நெடுங்காலம் தங்க வைப்பதற்கு எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்று நம் சங்கத்து அன்பர் பலர் அடிக்கடி வினவுகின்றனர். பாங்கியில் இருப்புத் தொகை, ஆண்டு வருமானக் கணக்கு, குடும்பத்தில் தலைக்கு இவ்வளவு என்ற கட்டணம் ஆகிய இவையெல்லாம் இக்காலத்தில் புதிதாக முளைத்தவை என்று அவர்கள் எண்ணுகின்றனர். அங்ஙனமன்று. நம் முப்பாட்டனார் காலத்திலேயே, இந்தப் பாலாற்றங்கரைச் சீமையிலிருந்து கடல் கடந்து போனவர்களுக்கு இவை யாவும் விதிக்கப்பட்டன. அவ்வரலாற்றை நம் இளைஞர் அறிந்திருத்தல் நன்றெனக் கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ என்னும் கப்பல், தென்னாப்பிரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள நேட்டால் நாட்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 340-க்கு மேற்பட்ட ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளும் இருந்தனர். கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆளில்லாமல் தவித்த வெள்ளைக்கார முதலாளிகளுக்காகத் திரட்டப்பட்டவர்கள் அவர்கள். அன்று தொடங்கி, ஆள் அனுப்புதல் 1911-ல் நிறுத்தப்படும் வரையில், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போயினர். அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர். அங்ஙனம் ஆள் கொடுத்த ஜில்லாக்களுள் வட ஆர்க்காடு முன்னணியில் நின்றது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தில் வட ஆர்க்காடும் சேலமும் பட்ட பாட்டை நினைப்பவர்க்கு இது வியப்பன்று. வயிறு காய்ந்தவனிடம் ஆள் சேர்ப்போன் வந்து ‘சோறும் சம்பளமும் உண்டு’ என்றால், அவன் கடலின் அகலத்தைக் கேட்டுக்கொண்டிரான்.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு. உணவுப் பொருளோடு, ஆடவனுக்கு முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் சம்பளம். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் வீதம் ஏறி ஐந்தாம் ஆண்டில் பதினான்கு ஷில்லிங் ஆகும். பத்தாண்டு அந்நாட்டில் இருந்தவனுக்கு ஊர் திரும்பக் கப்பற் கட்டணம் இலவசம். திரும்ப விரும்பாதவன் அதற்கு ஈடாக நிலம் பெறவும் 1891 வரை சட்டத்தில் இடமிருந்தது. ஆகவே, தொடக்கத்தில் நேட்டால் துரைத்தனத்தார் நம்மவரைத் தங்கச் சொல்லியே அழைத்தனர் என்பது வெளிப்படை. ஆனால் ஒப்பந்தம் முடிந்தவர் சும்மா இருந்தாரில்லை. காய்கறி பயிரிட்டனர், கூடை சுமந்து தெருத்தெருவாய் விற்றனர், சிறு கடை வைத்தனர். வெள்ளையருக்கு அது பொறுக்கவில்லை.

1893-ல் நேட்டாலிலிருந்து இரு பிரதிநிதிகள் இந்தியாவுக்கு வந்தனர். ஒப்பந்தம் முடிந்ததும் கூலிகள் மீண்டும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும், அல்லது ஊர் திரும்ப வேண்டும். இரண்டும் செய்யாதவனிடம் ஆண்டுக்கு இருபத்தைந்து பவுன் வரி வாங்க வேண்டும் என்பது நேட்டாலில் எழுந்த யோசனை. வைசிராயாக இருந்த எல்கின் பிரபு அதனை மூன்று பவுனாகக் குறைத்து இசைந்தார். இருபத்தைந்துக்கு மூன்று சிறிது என்று அவர் கருதினார் போலும்! 1895-ஆம் ஆண்டின் 17-வது சட்டமாக அது நிறைவேறியது. பின்னர் 1903-ல், பதினாறு வயது நிரம்பிய ஆண்மக்களுக்கும் பதின்மூன்று வயது நிரம்பிய பெண்மக்களுக்கும் அவ்வரி விரிக்கப்பட்டது.

இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மாதம் பதினான்கு ஷில்லிங் சம்பாதிப்பவனுக்கு ஆண்டு வருமானம் எட்டுப் பவுன் எட்டு ஷில்லிங். அவனும் மனைவியும், வயது வந்த ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தால், வரி பன்னிரண்டு பவுன். அக்காலத்து மாற்று விகிதப்படி நூற்றெண்பது ரூபாய்! சம்பாதிப்பதனினும் வரி மிகுதி. கட்ட முடியாதவன் என் செய்வான்? மீண்டும் ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்தால் அக்காலத்துக்கு வரியில்லை. ஆதலால் பலர் மறுபடியும் நுகத்தில் கழுத்தை நீட்டினர். மற்றும் பலர் கப்பலேறினர். எவரையும் ‘வெளியே போ’ என்று சட்டம் சொல்லவில்லை. தங்குவதற்கு ஒரு விலை வைத்தது. தன் முதலாளிகள் கொடுக்கும் சம்பளத்தை அறிந்தே அவ்விலையை வைத்தது.

இதனைப் படிக்கும் அன்பருள் சவுதி அரேபியாவில் குடும்பத்தோடு இருந்து திரும்பியவர்க்கு இக்கணக்கு விளங்கச் சொல்ல வேண்டுவதில்லை. அந்நாட்டில் 2017 ஜூலையில், பிறநாட்டு ஊழியரின் மனைவி மக்களுக்குத் தலைக்கு மாதம் நூறு ரியால் வீதம் கட்டணம் விதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் நூறு ஏறி 2020-ல் நானூறு ரியால் ஆயிற்று. மனைவியும் மூன்று குழந்தைகளும் உடையவன் மாதம் ஆயிரத்தறுநூறு ரியால் கட்ட வேண்டியதாயிற்று. எத்தனையோ குடும்பங்கள் பள்ளி ஆண்டு முடிந்ததும் ஊர் திரும்பின. ஆடவர் மட்டும் அங்கே தங்கினர்.

நிற்க. கூலிகளுக்கு வரி என்றால், சொந்தச் செலவில் வந்த வணிகருக்கு வேறு பூட்டு. 1897-ல் நேட்டாலில் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று பிறந்தது. இறங்க விரும்புவோன் ஐரோப்பிய மொழி ஒன்றில் தன் விண்ணப்பத்தை எழுத வல்லவனாயிருக்க வேண்டும். தமிழும் உருதுவும் தெலுங்கும் கற்ற பெரும் புலவரும் அச்சட்டத்தின் கண்ணுக்கு எழுத்தறியாதவரே! அங்ஙனம் தவறியவன் இறங்க வேண்டுமானால், முதலில் நூறு பவுன் ஈடு கட்ட வேண்டும். ஒரு வாரத்துக்குள் தன் உரிமையை நாட்டிச் சான்றுச் சீட்டுப் பெற்றால் பணம் திரும்பும். இன்றேல் பணமும் போய், அவனும் தடுக்கப்பட்டவனாவான். இந்தியன் என்ற சொல்லே அச்சட்டத்தில் இல்லை என்பதைக் கவனிக்க. ஆஸ்திரேலியர் 1901-ல் கொண்டுவந்த சட்டத்துக்கும் இதுவே வழிகாட்டி.

மூன்று பவுன் வரி போனது எங்ஙனம் என்பதைப் பலரும் ஓரளவு அறிவர். 1912-ல் கோகலே அவர்கள் தென்னாப்பிரிக்கா சென்று, வரி நீங்கும் என்ற வாக்கை அமைச்சர்களிடமிருந்து பெற்றதாகக் கொண்டு திரும்பினார். வரி நீங்கவில்லை. 1913-ல், கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்று ஒரு நீதிபதி தீர்ப்பளித்ததும் சேர்ந்துகொள்ள, காந்தியடிகளின் போராட்டத்தில் பெண்டிரும் இறங்கினர். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பெண்கள் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, தமிழிலேயே பேசி வேலைநிறுத்தம் செய்வித்தனர். சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-ல் உயிர் நீத்த வள்ளியம்மைக்குப் பதினாறு வயது. அவ்வாண்டு ஜூலையில் இந்தியர் நிவாரணச் சட்டத்தால் வரி ஒழிந்தது. பழைய பாக்கியும் தள்ளப்பட்டது.

வரி ஒழிந்ததேயன்றி வாயில் திறக்கவில்லை. பொருளாதார நிலையாலோ வாழ்க்கை முறையாலோ தகாதவர் என்று கருதப்படுவோரைத் தடுக்க 1913-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இடந்தந்தது. அதன் பின் புதிய இந்தியர் போதல் பெரும்பாலும் நின்றது. வேடிக்கை ஒன்று உண்டு. நம் மனிதர் அங்கே போக இயலாத அக்காலத்தில், அந்நாட்டு மரப்பட்டை இங்கே தாராளமாக வந்தது. ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட நம் பகுதிச் சாலைகளுக்கு, இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், நேட்டால் வாட்டில் பட்டை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. 1946-ல் இந்திய ஸர்க்கார் தென்னாப்பிரிக்காவோடு வாணிபத்தை அறுத்த பிறகே அவ்வழி அடைபட்டது.

இனி எழுதப்போவது நமக்கே நாணம் தருவது. 1927-ல் ஏற்பட்ட கேப்டவுன் உடன்படிக்கையால், தாமே விரும்பி ஊர் திரும்புவோருக்கு ஆளுக்கு இருபது பவுனும் குழந்தைக்குப் பத்துப் பவுனும் கொடுத்து அனுப்பினர். தங்குவதற்கு விலை வைத்தவர்கள் போவதற்கும் விலை வைத்தனர். அப்பணத்தோடு சென்னையில் இறங்கியவர் பலர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவர்களை ஊராரும் சாதியாரும் முகங்கொடுத்து ஏற்கவில்லை. கடல் கடந்தவன் என்றனர். யாரை மணந்தாய் என்றனர். சேர்த்துக்கொள்வதற்கு விருந்தும் தண்டமும் கேட்டனர். கையிலிருந்த பவுன் கரைந்ததும் சென்னைச் சேரிகளில் அவர்கள் சீரழிந்ததை 1931-ல் வெளிவந்த ஓர் அறிக்கை விவரித்தது. நேட்டால் துரைத்தனத்தாரைக் கடிந்து எழுதும் நாம் இதனை மறைத்தல் தகாது.

அங்கேயே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது தம் பூர்வ ஊரைத் தேடுகின்றனர். ஒவ்வொரு கப்பலுக்கும் எழுதப்பட்ட பதிவேட்டில் ஆளின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உடல் அடையாளம் ஆகியன உண்டு. தேடுவோர் ஒன்று அறிதல் வேண்டும்: வாணியம்பாடி அடங்கிய திருப்பத்தூர் தாலூகா 1911 வரை சேலம் ஜில்லாவில் இருந்தது, அதன் பின்னரே வட ஆர்க்காட்டில் சேர்ந்தது. ஆதலால், நம் ஊரிலிருந்து போனவர்களை வட ஆர்க்காட்டுப் பக்கங்களில் மட்டும் தேடிக் காணாமற் சலித்தல் வேண்டா. சேலத்தின் கீழும் பார்க்க. நேட்டாலிலிருந்து வந்த பழங்கடிதமோ, ஒப்பந்தச் சீட்டோ, விடுதலைப் பத்திரமோ தம் வீட்டுப் பெட்டிகளில் வைத்திருக்கும் அன்பர்கள் அதனைச் சங்கத்துக்குக் காட்டினால், படி எடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பித் தருவோம்.