டர்போ ஜீப் ஓவரா ஹீட் ஆகுதா? டியூனிங்கைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் தஞ்சை டெல்டா சாலைகளில் வைக்கோல் தூசி பறக்கும். பவர் கூட்டிய டர்போ டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு அதுதான் முதல் வில்லன்.

டெம்பரேச்சர் முள் எப்போ ஏறுதுன்னு கவனிங்க. டிராஃபிக்கில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன் மீது சந்தேகம். லோடு இழுக்கும்போதும் வேகத்திலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பாக இருக்கலாம். இன்டர்கூலர் முன்னால் உள்ள வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே தூசி அடைந்துகொள்ளும். வெளியே பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும்! அதுவும் சரியென்றால் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். அப்புறம்தான் டீசலைக் கூட்டிவிட்ட டியூனிங். கசிவே தெரியாமல் கூலன்ட் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கணும்.

முள் சிவப்பைத் தொட்டால் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்க. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.