தோள்மூட்டு விலகல்: அறுவை மருத்துவம்

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியை விட்டுத் திரும்பத் திரும்ப நழுவுவதைத் தடுக்கும் அறுவை முறைகள். நழுவல் பெரும்பாலும் முன்பக்கமாகவே நிகழும்.

பண்டைக் கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூல், இதற்குச் சூடு வைக்கச் சொல்கிறது. அக்குள் தோலை விரல்களால் பற்றி இழுத்து, பழுக்கக் காய்ச்சிய மெல்லிய இரும்பு ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளிவருமாறு சுட வேண்டும். உள்ளே இருக்கும் பெரிய குருதிக்குழாய்களையும் நரம்புகளையும் தீண்டலாகாது. பின்னர் கையை விலாவோடு சேர்த்து நெடுநாள் கட்டிவைக்க வேண்டும். தழும்பு இறுகி, எலும்பு இறங்கும் வழியை அடைக்கும் என்பது கருத்து. இக்குறையால் உடற்பயிற்சிக் களத்தைத் துறந்தவர்களையும் போரில் மாண்டவர்களையும் அந்நூல் மறவாமல் நினைவுகூர்கிறது.

அதன்பின் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை.

1890இல் பிரான்சின் புரோக்காவும் ஹார்ட்மனும், மூட்டுறை குழியின் முன்விளிம்பிலிருந்து பெயர்ந்திருப்பதை விவரித்தனர். 1906இல் ஜெர்மனியின் பெர்தெஸ் அதை எலும்போடு சேர்த்துத் தைத்தார். ஆயினும், தொளதொளத்த உறையே குற்றவாளி என எண்ணி அதை மடித்துத் தைப்பதே பலரின் வழக்கமாயிருந்தது. லண்டன் அறுவை மருத்துவர் பிளண்டெல் பாங்கார்ட் (1879–1951) 1923இல் நான்கு நோயாளிகளைக் கொண்டு இதை மறுத்தார்: நார்க்குருத்து விளிம்பு பிய்ந்ததே மூல காரணம், பிய்ந்ததை அதே இடத்தில் பொருத்துவதே தீர்வு என்றார். 1938இல் வெளிவந்த விரிவான கட்டுரையில் 27 பேரைப் பற்றி எழுதினார். எவருக்கும் தோள் மறுபடி நழுவவில்லை, கையின் அசைவும் குறையவில்லை. அசைவைக் காத்ததே இம்முறையின் தனிச்சிறப்பு எனலாம். முதன்மை பெர்தெஸுக்கா பாங்கார்ட்டுக்கா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. எல்லா விலகலுக்கும் விளிம்பு பிய்வது ஒன்றே காரணம் என்பதையும் பின்வந்தோர் பலர் ஏற்கவில்லை.

1948இல் விவரிக்கப்பட்ட புட்டி–பிளாட் முறை தோளின் முன்தசையைக் குறுக்கி இறுக்கியது. தோள் நழுவாமல் நின்றது, ஆனால் கையை வெளிப்புறம் திருப்புவது குறைந்தது, சிலருக்குக் காலப்போக்கில் மூட்டுத் தேய்வும் வந்தது. 1954இல் லியோன் நகரின் மிஷேல் லத்தார்ஜே, தோள்பட்டை எலும்பின் காக்கையலகு முனையைத் தசைநாரோடு வெட்டி, குழியின் முன்விளிம்பில் திருகாணியால் பிணைத்தார். காப்பது எலும்பா, குறுக்கே ஓடும் தசைநாரா என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

1980களிலிருந்து ஆர்த்ரோஸ்கோப் (மூட்டின் உட்புறத்தைக் காட்டும் கருவி) வழியாகச் சிறு துளைகளில் பாங்கார்ட் முறை செய்யப்படுகிறது. 2000இல் அறுவை மருத்துவர்கள் பர்க்கார்ட், டி பியர் இருவரும் ஆர்த்ரோஸ்கோப் அறுவைகளை ஆராய்ந்து, பெரிய எலும்பு இழப்பு இல்லாதவர்களில் 4 விழுக்காட்டினருக்கும் உள்ளவர்களில் 67 விழுக்காட்டினருக்கும் விலகல் திரும்பியதாகக் காட்டினர். குழியின் எலும்பு எவ்வளவு தேய்ந்தால் லத்தார்ஜே முறை தேவை என்ற எல்லை, முன்பு சொல்லப்பட்ட 25 விழுக்காட்டிலிருந்து இப்போது 20க்கும், சிலரால் அதற்குக் கீழும் இறக்கப்பட்டுள்ளது.