அம்பின் முனையும் ஆயுதச் சட்டமும்

ஹஜ்ஜுடைய நாட்களில் மினாவில் நிகழ்ந்த ஒரு செய்தியை ஹதீஸ் கிரந்தங்களைப் பயின்றோர் அறிவர். ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளங்காலில் ஈட்டியின் முனை ஒன்று தைத்து, பாதம் அங்கவடியோடு ஒட்டிக்கொண்டது. நலம் விசாரிக்க வந்த ஆளுநர் ஹஜ்ஜாஜ், இதனைச் செய்தவன் யாரென்று அறிந்தால் நலமாயிற்றே என்றார். ஆயுதம் ஏந்தலாகாத நாளில் அதனை ஏந்தச் செய்து, ஹரமின் எல்லைக்குள்ளும் அதனைப் புகவிட்ட நீரே அதற்குப் பொறுப்பு என்ற கருத்துப்பட அந்த முதிய ஸஹாபி மறுமொழி பகர்ந்தார்கள். ஆளுநர் தேடியது ஒரு மனிதனை. இப்னு உமர் (ரலி) அவர்கள் சுட்டியதோ அம்மனிதனுக்கு வழிதிறந்த ஏற்பாட்டை.

2019 ஆம் ஆண்டு மார்ச் 15 ஆம் நாள் வெள்ளிக்கிழமை, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் அல் நூர், லின்வுட் ஆகிய இரு பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்காகக் கூடியிருந்தோரை ஒருவன் சுட்டான். 51 பேர் ஷஹீதானார்கள். கொலைகாரன் யார் என்பதை உலகம் அன்றே அறிந்தது. அவன் பெயரை இங்கு எழுத நாம் விரும்பவில்லை. வழிதிறந்த ஏற்பாடு யாது என்ற மினாவின் கேள்வியே நம் ஆராய்ச்சிக்கு உரியது. அதற்கு விடை காண, அத்தேசத்தின் ஆயுதச் சட்ட வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

துப்பாக்கியின் கொடுமையை நியூசிலாந்து அறியாத நாடன்று. மவோரித் தலைவர் ஹொங்கி ஹிகா 1820 இல் இங்கிலாந்து சென்று, திரும்பும் வழியில் சிட்னியில் துப்பாக்கிகளைச் சேகரித்துக்கொண்டு 1821 இல் தாயகம் மீண்டார். அதன்பின் மூண்ட குலப்போர்களில் பல்லாயிரவர் மாண்டனர். 1845 இல் குடியேற்ற அரசு ஆயுத இறக்குமதியைக் கட்டுப்படுத்த ஆணை பிறப்பித்தது. மவோரியர் கைக்கு ஆயுதம் எட்டாதிருக்க வேண்டுமென்பதே அதன் தலையாய நோக்கம்.

முதல் உலகப் போர் முடிந்து படைவீரர்கள் ஆயுதங்களோடு ஊர் திரும்பிய காலத்தில், 1920 ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. ஒவ்வொரு துப்பாக்கியும் பதிவு செய்யப்படல் வேண்டும் என்றும், கைத்துப்பாக்கிக்குத் தனி அனுமதி வேண்டும் என்றும் அது விதித்தது. 1930 இல் வேட்டைக்குரிய சிதறுகுண்டுத் துப்பாக்கிகள் பதிவிலிருந்து நீக்கப்பட்டன. நீள்குழல் துப்பாக்கிகளின் பதிவு நீடித்தது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பதிவேட்டில் பிழைகள் மலிந்தன. அவற்றைத் திருத்தப் பொருளும் ஆளும் வேண்டும். அச்செலவுக்கு அஞ்சிய அரசு 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பதிவேட்டையே கைவிட்டது. மனிதனுக்கு உரிமம் தருவோம், அவன் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கிறான் என்று எண்ணமாட்டோம் என்பது புதிய முறையாயிற்று. கைத்துப்பாக்கி முதலிய சிலவே எண்ணிக்கைக்குள் நின்றன. கணக்கில் பிழை கண்ட வணிகன் கணக்கைத் திருத்துவான். இங்கோ கணக்குப் புத்தகமே மூடப்பட்டது.

1990 நவம்பரில் அரமோவானா என்னும் கடலோரச் சிற்றூரில் ஒருவன் 13 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் விளைவாய் 1992 இல் சட்டம் திருத்தப்பட்டு, படைத்துறைச் சாயல் கொண்ட பாதித் தானியங்கித் துப்பாக்கிகளுக்குத் தனி அனுமதி விதிக்கப்பட்டது. ஆயினும் ஒரு பழுது நின்றது. சிறிய தோட்டா உறை பொருத்திய அதே வகைத் துப்பாக்கியைச் சாதாரண உரிமத்தில் வாங்கலாம். பெரிய உறையை உரிமமே இன்றித் தனியே வாங்கலாம். இரண்டையும் இணைப்பதற்குப் பெருந்திறன் எதுவும் வேண்டியதில்லை.

1997 இல் ஓய்வுபெற்ற நீதிபதி சர் தாமஸ் தோர்ப், அரசின் பணிப்பின்படி முழு ஆய்வு நிகழ்த்தி அறிக்கை அளித்தார். எல்லாத் துப்பாக்கிகளையும் மீண்டும் பதிவு செய்க, படைத்துறைச் சாயல் கொண்டவற்றைத் தடுத்து மக்களிடமிருந்து விலைக்கு வாங்கிவிடுக என்று அவர் எழுதினார். துப்பாக்கி உடையோரின் எதிர்ப்பு எழுந்தது. சட்டமன்றத்தின் ஊக்கம் தளர்ந்தது. அறிக்கையின் முதன்மையான பரிந்துரைகள் செயலுக்கு வரவில்லை.

22 ஆண்டுகள் கழித்து அந்தப் பழுதின் வழியேதான் கொலைகாரன் நுழைந்தான். 2017 ஆகஸ்டில் நாட்டுக்குள் வந்தவனுக்கு அவ்வாண்டு நவம்பரிலேயே உரிமம் கிடைத்தது. அவனுக்குச் சான்று கூறியவர்கள் நெருங்கிய உறவினரல்லர். இணைய விளையாட்டினால் அறிமுகமான ஒருவரும் அவர்தம் பெற்றோருள் ஒருவருமே. உரிமம் வழங்கிய முறையில் காவல்துறை தவறியதை 2020 இல் வெளிவந்த அரச விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை எடுத்துக் காட்டியது.

அதன்பின் விரைவு வந்தது. மார்ச் 21 இல் தடை அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 10 இல் நாடாளுமன்றம் 119 வாக்குகளுக்கு 1 என்ற கணக்கில் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு டிசம்பருக்குள் 56,000 க்கு மேற்பட்ட துப்பாக்கிகள் விலைகொடுத்துத் திரும்பப் பெறப்பட்டன. 2020 இல் மற்றொரு சட்டம் பதிவேட்டை மீட்டது. 2023 ஜூனில் அது செயற்படத் தொடங்கியது. 1983 இல் மூடிய புத்தகம் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டது. இடையில் செலுத்திய விலையை நாம் அறிவோம்.

இனி, நம் இளைஞர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. பள்ளிக்கு வருவோரும் மறைவாகத் துப்பாக்கி வைத்திருந்தால் இத்துயரம் நேர்ந்திருக்குமா? இது எள்ளி நகையாடத்தக்க கேள்வியன்று. அமெரிக்காவில் 2022 இல் அதன் உச்ச நீதிமன்றம், மறைத்துத் துப்பாக்கி சுமக்கத் தனிக்காரணம் காட்டவேண்டும் என்ற நியூயார்க் மாநில விதி அரசியலமைப்புக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. நியூசிலாந்தோ, தற்காப்பை ஆயுதம் வைத்திருப்பதற்குரிய காரணமாக ஏற்பதில்லை. அங்கு காவலரும் வழக்கமாக இடுப்பில் துப்பாக்கி அணிவதில்லை. பேரழிவுக்குப் பின்னரும் அக்கொள்கை மாறவில்லை.

நம் முன்னோர் வழியையும் நோக்குவோம். ஆபத்து அறிந்த போர்க்களத்தில், ஒரு சாரார் தொழ மறு சாரார் ஆயுதத்தோடு காவல் நிற்கும் அச்சநேரத் தொழுகையைத் திருக்குர்ஆன் விதித்தது. ஆனால் பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புடன் செல்பவர் அதன் முனையைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும், எவருக்கும் ஊறு நேரலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காவல் என்பது கூட்டாக ஏற்பாடு செய்யப்பட்ட பொறுப்பு. நெருக்கமான கூட்டத்தில் ஒவ்வொருவரும் கொண்டுவரும் கூர்மையோ ஆபத்து. இவ்விரண்டையும் பிரித்தறிதலே ஃபிக்ஹு. ஆயுதம் அமானிதம், அமானிதத்துக்குக் கணக்கு உண்டு.

அவ்வாறாயின் வெறுங்கையோடு விதியை நோக்கி இருப்பதா? அதுவுமன்று. லின்வுட்டில் ஆயுதமற்ற ஒருவர் அட்டைப் பணக்கருவியை எறிந்து கொலைகாரனைத் தன் பக்கம் திருப்பினார். அவன் போட்டுவிட்ட குண்டற்ற துப்பாக்கியை எடுத்து அவன் வாகனக் கண்ணாடியில் வீசினார். அல் நூரில் அவன்மீது பாய்ந்த மற்றொருவர் உயிரீந்து, பிறர் தப்ப வழி செய்தார். இருவருக்கும் 2022 இல் அந்நாட்டின் வீரத்துக்கான உயரிய விருது வழங்கப்பட்டது. கொலைகாரனைப் பிடித்த காவலர் இருவரும், ஆயுததாரிகளை எதிர்கொள்ளும் பயிற்சிக்காகவே அன்று அந்நகருக்கு வந்திருந்தவர்கள். பயிற்சி வீண்போகவில்லை.

நியூசிலாந்துக் காவல்துறை மக்களுக்குக் கற்பிப்பது மூன்று சொற்கள்: தப்பிச் செல்க, மறைந்துகொள்க, அறிவித்திடுக. உயிர்காக்கத் தொழுகையை முறித்தல் கூடும் என்பதும், நீரில் மூழ்குவோரைக் காக்க முறித்தே ஆகவேண்டும் என்பதும் நம் ஃபிக்ஹு நூல்களில் உள்ளவையே. சிறுவர்களுக்கு வுளூவின் பர்ளுகளைச் சொல்லித்தரும்போது இதனையும் சொல்லித்தருதல் நன்று. அல் நூர் பள்ளியின் அவசர வழிக் கதவு ஒன்று அன்று திறவாமற் போனது ஏன் என்பது, 2023 இல் தொடங்கிய மரண விசாரணையில் ஆராயப்பட்ட கேள்விகளுள் ஒன்று. எந்த நாட்டுப் பள்ளிவாசலாயினும், அடுத்த ஜும்ஆவுக்கு முன் நிர்வாகிகள் பக்கக் கதவுகளைத் திறந்து பார்க்கட்டும். பூட்டின் சாவி யாரிடம் என்று கேட்கட்டும். வாயிலை மறைக்கும் பாய்ச்சுருளையும் செருப்புப் பலகையையும் அகற்றட்டும். இதற்குச் செலவு எதுவுமில்லை. துயரத்துக்குப் பின் இயற்றும் சட்டத்தைவிட, துயரத்துக்கு முன் திறந்து பார்த்த கதவு மேலானது. யாவற்றையும் அல்லாஹ்வே நன்கறிந்தவன்.