சாவா மூவாப் பேராடு

இடைக்காலத் தமிழகக் கோயில்களில் நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிப்பதற்காக விடப்பட்ட ஆட்டு மந்தை. செத்த ஆட்டுக்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, மந்தையின் எண்ணிக்கை என்றும் குறையாமல் காக்க வேண்டும் என்பதே இதன் நிபந்தனை. மூலதனத்தில் கைவைக்காமல் விளைவைக் கொண்டே அறம் நடத்தியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

சோழர் காலத்தில் ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு (பழைய முகத்தலளவை) நெய் அளந்தார். முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இடையர்களைப் பெயர், ஊர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு, ஓர் எருமைக்கு ஆறு ஆடு என மாற்றுக் கணக்கும் அங்கே உண்டு. ஆகவே 48 பசுவோ 16 எருமையோ இருந்தாலும் ஒரு விளக்கு எரியும்.

பணத்துக்கும் இதே நெறிதான். தஞ்சைக் கோயிலுக்கு வந்த காசு ஊர்ச்சபைகளிடம் பொலியூட்டாக, அதாவது வட்டிக்குக் கொடுக்கப்பட்டது. ஆண்டுப் பொலிசை (வட்டி) காசுக்கு அரைக்கால், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. நெல்லாக அளந்தால் காசுக்கு மூன்று குறுணி. அந்த வரவில் அமுதுபடியும் திருவிழாவும் நடந்தன; முதலோ காவிரிக் கரை ஊர்களிலேயே தங்கியது. கோயில் செல்வம் இவ்வாறு ஊர்களுக்குத் திரும்பியதை வரலாற்றாய்வாளர் ஜார்ஜ் ஸ்பென்சர் 1968இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விரித்துக் காட்டினார். உத்திரமேரூரின் ஏரியான வைரமேகத் தடாகத்தைத் தூர்வாரும் செலவுக்கும் சபையிடம் பொன் வைக்கப்பட்டது. ஏரி நிறைந்தால்தான் வயல் விளையும், வயல் விளைந்தால்தான் பொலிசை வரும். கொடைகளுள் தலையாயது என்று இந்த ஏரிக் கொடையையே சொல்ல வேண்டும்.

ஆட்டுக் கொடை முறையில் குறையும் இருந்தது. நோய் வந்து மந்தை அழிந்தாலும் உழக்கு நெய் குறையக் கூடாது. கொடையாளியின் புண்ணியம் கல்லில் நிலைபெற்றது. இழப்பின் சுமை இடையர் தலையில் விழுந்தது. இந்த ஏற்றத்தாழ்வை மறைத்துவிட்டு அம்முறையைப் போற்றுவது நியாயமாகாது.

பிற்காலத்தில் ஊர்ச்சபைகள் மறைந்தன. 1817ஆம் ஆண்டின் சென்னை ஒழுங்குமுறைச் சட்டம் அறக்கொடைகளை அரசின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தது. இன்று தமிழகக் கோயில்களில் அறநிலையச் சட்டம், 1959 நடைமுறையில் உள்ளது. எனினும் பழைய நெறி மறையவில்லை: அன்னதானத்துக்கென ஒருவர் செலுத்தும் தொகையை நிரந்தர வைப்பில் போட்டு, வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் அவர் குறித்த நாளில் உணவிடும் வழக்கம் பல கோயில்களில் தொடர்கிறது.