வெட்டுப்பட்ட குரல் திரும்பி வராது



போன மாதம் என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது அவருக்கே இரண்டு பிள்ளைகள். அவருடைய வாப்பா எண்பதுகளில் சவூதியிலிருந்து உம்மாவுக்குப் பேசி அனுப்பிய கசட் ஒன்றை, ஒரு கடையில் கொடுத்து டிஜிட்டலாக மாற்றி பென் டிரைவில் எடுத்திருக்கிறார். வாப்பா மௌத்தாகி ஆறு வருடம். ஆசையோடு போட்டுக் கேட்டால், அவர் கொஞ்சம் உரத்துப் பேசும் இடமெல்லாம் "கர்ர்" என்று கிழிகிறது. யாரோ சொன்னார்கள் என்று, எண்களை ஒலியாக மாற்றும் விலை கூடிய 'டாக்' கருவி ஒன்றையும் வாங்கி, 'பிட் பெர்ஃபெக்ட்' முறையில் போட்டுப் பார்த்திருக்கிறார். அப்படியும் கிழிகிறது.

"சேர், எங்க பிழை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கொஞ்சம் வரலாறு பேச வேண்டும்.

ஒலியை எண்களாக எழுதிவைக்கலாம் என்ற யோசனை 1937 இல் பாரிஸில் வேலை செய்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளருடையது. ஒலி அலையின் உயரத்தை இடைவிடாமல் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறிப்பதுதான் அது. அன்று தொலைபேசிக்காக யோசித்தது. வீடுகளுக்கு வந்தது 1982 ஒக்டோபரில், சொனியும் பிலிப்ஸும் சேர்ந்து வடிவமைத்த இறுவட்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது.

இறுவட்டில் செக்கனுக்கு 44,100 தடவை ஒலி அளக்கப்படுகிறது. இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? அப்போது இவ்வளவு எண்களைப் பதிய வீடியோ நாடாதான் இருந்தது. செக்கனுக்கு 60 புலம், ஒரு புலத்தில் 245 வரி, ஒரு வரியில் 3 அளவு. பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும்.

ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட். அதாவது 65,536 படிகள். மேலே 32,767, கீழே -32,768. இதற்கு அப்பால் எழுத எண்ணே இல்லை. இந்த உச்சியைத்தான் டிஜிட்டலில் பூச்சிய டெசிபல் என்கிறார்கள். மற்ற அளவெல்லாம் அதற்குக் கீழே கழித்தல் குறியோடு வரும்.

பழைய கசட் ரெக்கோடரில் முள் சிவப்புக்குள் போனாலும் ஒலி மெல்ல மெல்லத்தான் கெடும். டிஜிட்டலில் அப்படியில்லை. வாத்தியார் கணக்கில் சொல்கிறேன். புள்ளிப் பதிவேட்டில் 100 க்கு மேல் எழுத முடியாது என்று வையுங்கள். 120 எடுக்கக்கூடிய பிள்ளைக்கும் 100, 150 எடுக்கக்கூடிய பிள்ளைக்கும் 100. பிறகு பதிவேட்டைப் பார்த்து யார் கெட்டிக்காரர் என்று யாரால் சொல்ல முடியும்? ஒலி அலையின் தலை இப்படித் தட்டையாகச் சீவப்படுவதுதான் 'கிளிப்பிங்'.

எண்பதுகளில் இறுவட்டுக்குப் பதிந்தவர்களில் பலர் உச்சிக்குக் கீழே நல்ல இடம் விட்டே பதிந்தார்கள். பிறகு போட்டி வந்தது. ஒரே பாட்டைச் சற்றுச் சத்தம் கூட்டிப் போட்டால், அதுதான் நல்லது என்று நம் காது நினைக்கும். இசைத்தட்டுக் காலத்திலும் இந்த ஆசை இருந்தது. ஆனால் சத்தம் கூடினால் தட்டின் பள்ளம் அகலும், ஊசி துள்ளும், பாடும் நேரம் குறையும். இறுவட்டில் அந்தத் தடை இல்லை. 1994 இல் வேவ்ஸ் நிறுவனத்தின் 'எல்1' என்ற மென்பொருள் வந்ததும், உச்சங்களை அமுக்கிவிட்டு மிச்சத்தையெல்லாம் மேலே தூக்குவது சுலபமாகிவிட்டது. இதைத்தான் 'சத்தப் போர்' என்கிறார்கள்.

அந்தப் போர் 2008 இல் சந்திக்கு வந்தது. மெட்டாலிகா குழு 'டெத் மக்னெட்டிக்' இறுவட்டை வெளியிட்டது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்ற கணினி விளையாட்டிலும் வந்தன. விளையாட்டில் தெளிவாகக் கேட்டது, காசு கொடுத்து வாங்கிய இறுவட்டில் கிழிந்தது. திருத்தித் தாருங்கள் என்று ஆயிரக்கணக்கான இரசிகர்கள் கையெழுத்திட்டார்கள். கடைசிப் பதிப்பைத் தயாரித்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே ஒலி அமுக்கப்பட்டுத்தான் இருந்தது என்றார். முதலில் வெட்டுப்பட்டதைக் கடைசியில் இருப்பவர் ஒட்ட முடியாது.

பிறகுதான் ஒழுங்கு வந்தது. காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் முறையை 2006 இல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்தது. 2010 இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் நிகழ்ச்சிகளின் சராசரி அளவை -23 என்று நிர்ணயித்தது. இன்று ஸ்பொட்டிஃபை -14 ஐ அளவாக வைத்து, அதற்கு மேல் கத்தும் பாட்டைத் தானே குறைக்கிறது. கத்தியதால் கிடைத்த இலாபம் போய்விட்டது. வெட்டுக்காயம் மட்டும் மிச்சம்.

சரி, 'பிட் பெர்ஃபெக்ட்' என்றால் என்ன? கணினி வழக்கமாக எல்லாச் செயலிகளின் ஒலியையும் கலந்து, ஒரே வீதத்துக்கு மாற்றித்தான் வெளியே அனுப்பும். அந்த வழியில் எண்கள் மாறிவிடும். அதைத் தவிர்த்து, கோப்பில் உள்ள எண்களை அப்படியே டாக் கருவிக்குக் கொண்டுபோவதுதான் பிட் பெர்ஃபெக்ட். 1997 இல் ஸ்டைன்பேர்க் நிறுவனத்தின் 'ஆசியோ' இதற்கு ஒரு வழி திறந்தது. விண்டோஸ் விஸ்டாவிலும் தனி வழி வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அது ஒரு நேர்மையான தபால்காரர். கிழிந்த கடிதத்தைக் கிழிந்தபடியே கொண்டுவந்து தருவார்.

ஆகவே அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன்: "பிழை உங்க டாக்கில இல்ல மகன். பதிஞ்ச அன்றே வெட்டுப்பட்டிருக்கு. கசட் எங்க?"

நல்ல வேளை, உம்மா அதை அலுமாரியில் துணிக்குள் சுற்றி வைத்திருந்தார். அடுத்த ஞாயிறு எனது பழைய டெக்கில் போட்டோம். வாப்பா மிக உரத்துப் பேசும் இடத்தை முதலில் ஓட்டி, மீற்றர் -10 ஐத் தாண்டாதபடி அளவைக் குறைத்து, 24 பிட்டில் பதிந்தோம். ஒரு பிட் ஏறக்குறைய 6 டெசிபல் தரும். 24 பிட்டில் தாராளமாக இடம் இருப்பதால், மெதுவாகப் பதிந்தால் எதுவும் கெடாது. கேட்கும்போது தேவையான அளவு கூட்டிக்கொள்ளலாம்.

கிழிந்த இடமெல்லாம் இப்போது பேச்சாகக் கேட்டது. மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடம் வந்ததும் உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நம் ஊரில் எத்தனை வீட்டு அலுமாரிகளில் இப்படிக் கசட்டுகள் கிடக்கின்றன! இரண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடையில் கொடுக்கும்போது, "சத்தத்தைக் கூட்டாதீங்க, குறைச்சே பதிங்க" என்று சொல்லுங்கள். மாற்றி எடுத்த பிறகும் கசட்டை வீசிவிடாதீர்கள்.