'இலண்டன் காலிங்' இசைத்தொகுப்பில் வரலாற்று நினைவு

முன்னுரை

பழைமையை முற்றாக மறுப்பதே பங்க் ராக் இசையின் இயல்பு என்பது பொதுவான கருத்தாகும். தி கிளாஷ் என்னும் இலண்டன் குழு, எல்விஸ் பிரெஸ்லி, பீட்டில்ஸ் ஆகியோரின் காலம் முடிந்துவிட்டதென 1977இல் ஒரு பாடலில் அறிவித்தது. அக்குழுவே 1979 டிசம்பர் 14 அன்று வெளியிட்ட 'இலண்டன் காலிங்' தொகுப்பின் அட்டை எழுத்தமைப்போ, எல்விஸின் 1956ஆம் ஆண்டு முதல் தொகுப்பை நினைவூட்டுகிறது. பழைமையை மறுத்தவர்கள் பழைமையை நாடும் இம்முரண் பாடல்களிலும் தொடர்வதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தலைப்பின் குறிப்பு

'இலண்டன் அழைக்கிறது' எனப் பொருள்படும் தலைப்பு, இரண்டாம் உலகப் போரின்போது பி.பி.சி. வானொலி அயல்நாடுகளுக்கு விடுத்த அறிவிப்பிலிருந்து பெறப்பட்டது. நாஜி ஆதிக்கத்திற்கு உட்பட்டோர்க்கு அது நம்பிக்கையின் குரல். பாடலிலோ அக்குரல் பேரழிவை அறிவிக்கிறது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் மூன்று மைல் தீவில் நிகழ்ந்த அணுவுலை விபத்து எழுப்பிய அச்சம் அதில் ஒலிக்கிறது.

ஸ்பெயின்: நினைவும் மறதியும்

'ஸ்பானிஷ் பாம்ஸ்' பாடல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரை (1936-1939) நினைவுகூர்கிறது. 1936 ஆகஸ்டில் கிரனாடா அருகே கொல்லப்பட்ட கவிஞர் ஃபெதரிகோ கார்சியா லோர்காவைப் பெயர் சுட்டிப் பாடுகிறது. 1979இல் ஸ்பெயினின் கடற்கரைச் சுற்றுலா ஊர்களில் பாஸ்க் பிரிவினை இயக்கமான எட்டா வைத்த குண்டுகளின் செய்தி, பழைய போரின் குண்டுகளை நினைவில் எழுப்புகிறது.

பாடல் தோன்றிய காலம் கருதத்தக்கது. 1975இல் பிராங்கோ இறந்தபின், 1977ஆம் ஆண்டுப் பொதுமன்னிப்புச் சட்டத்தின்வழி ஸ்பெயின் அரசியல் மௌனத்தைத் தேர்ந்தது. அந்நாடு பேசத் தயங்கியதை இலண்டன் இளைஞர்கள் பாடினர். குடியரசைக் காக்கப் பிரிட்டனிலிருந்து சென்ற ஏறத்தாழ 2,500 தன்னார்வலர்களின் நினைவும் இப்பரிவுக்குப் பின்புலமாகும்.

எனினும் இந்நினைவு குறைபாடு உடையது. பாடலின் ஸ்பானிய வரிகள் இலக்கண வழு மலிந்தவை. பாடல் பொதுவுடைமையரின் செங்கொடியையும் அரசின்மைவாதிகளின் கருநிறத்தையும் ஒருங்கே போற்றுகிறது. ஆனால் 1937 மே மாதம் பார்சிலோனாவில் அவ்விரு தரப்பினரும் தம்முள் ஆயுதமேந்தி மோதிய செய்தியைக் கூறாது விடுகிறது. மறதியை எதிர்க்கும் பாடலும் சிலவற்றை மறந்தே நினைவுகூர்கிறது.

முடிவுரை

ஸ்பெயினில் வரலாற்று நினைவுச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. பாடலாசிரியர்களுள் ஒருவரான ஜோ ஸ்ட்ரம்மர் 2002இல் மறைந்தார். 2013இல் கிரனாடா நகரம் ஒரு சதுக்கத்திற்கு அவர் பெயரைச் சூட்டியது. லோர்காவின் உடல் கண்டெடுக்கப்படாத அம்மண்ணில், அவரைப் பாடிய அயலாரின் பெயர் நிலைபெற்றுள்ளது. முன்னோரை மறுப்பதாகச் சொன்ன இசை, தான் நினைவுகூர வேண்டிய முன்னோரைத் தானே தேர்ந்துகொண்டது எனத் துணியலாம்.